தவக்காலமும் வறண்ட காலமும்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வீடு திரும்பும் குடும்பங்களின் கையில் ஓர் உண்டியல் இருக்கும். பல பங்குகளில் அது மடித்து ஒட்டும் அட்டைப்பெட்டி. சில வீடுகளில் மண் உண்டியல். வெள்ளிக்கிழமை கறி வாங்காமல் மிச்சம் பிடித்த காசு, பிள்ளைகள் மிட்டாய்க்கு வைத்திருந்த சில்லறை, அப்பா விட்டுவிட்ட இரண்டு வேளை டீயின் விலை எல்லாம் நாற்பது நாளும் அதில் விழும். உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி அதைப் பங்குக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தவக்கால உண்டியல் என்று அதற்குப் பெயர். இந்திய ஆயர்கள் 1962இல் தொடங்கிய காரித்தாஸ் இந்தியா, பசிக்கும் நோய்க்கும் எதிரான இயக்கம் என்று 1960கள் தொட்டு ஆண்டுதோறும் தவக்காலத்தில் திரட்டும் நிதிக்கும் இந்தச் சில்லறைதான் ஊற்று.

அதே வாரங்களில் தருமபுரி மாவட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மானாவாரி நிலம் வெறுமையாகக் கிடக்கும். ராகியும் சாமையும் கொள்ளும் வீடு வந்து சேர்ந்து, பாதி கடனுக்குப் போயிருக்கும். ஏரிகளில் விரிசல் விழத் தொடங்கும். ஆண்கள் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பின்னலாடை வேலைக்குத் திருப்பூருக்கும் பஸ் ஏறுவார்கள். சில குடும்பங்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போய்விடும். ஊரில் மிஞ்சும் பெண்களுக்கு, புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை கிடைத்தால் உண்டு. மாங்காய் இறங்க இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

திருச்சபை தானாக விரும்பி நோற்கும் நோன்பும், இந்த ஊர் வேறு வழியில்லாமல் சுமக்கும் பட்டினியும் ஒரே வாரங்களில் வருகின்றன. தருமபுரியில் கத்தோலிக்கத் திருச்சபை ஆண்டுதோறும் செய்துவரும் பிறரன்புப் பணியை அளப்பதற்கு இந்த இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன். எத்தனை பேருக்குச் சேலை, எத்தனை பேருக்குத் தையல் மிஷின் என்ற எண்ணிக்கையை ஆண்டறிக்கை சொல்லிவிடும். அந்தப் பணி யாருடைய நாள்காட்டிப்படி நடக்கிறது என்பதை அது சொல்லாது.

*

சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2ஆம் தேதி. கிருஷ்ணகிரி அதிலிருந்து 2004இல் பிரிந்தது. திருச்சபையின் எல்லை அப்படிப் பிரியவில்லை. சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 24ஆம் தேதி உருவான தருமபுரி மறைமாவட்டம் இன்றைக்கும் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தே அடக்கியிருக்கிறது. அதன் முதல் ஆயர் ஜோசப் அந்தோனி இருதயராஜ், சலேசிய சபைக்காரர். இளைஞர்களின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் பேர்போன துறவற சபை அது.

2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. நூற்றுக்கு 82 பேருக்கு மேல் கிராமத்தில் வாழ்கிறவர்கள். எழுத்தறிவு 68.54 சதவீதம்; தமிழ்நாட்டின் சராசரி 80 சதவீதமாக இருந்தபோது எல்லா மாவட்டங்களுக்கும் கடைசியில் நின்றது தருமபுரி. இந்த மக்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆகவே இங்கே ஓர் அருட்சகோதரி மருந்துப் பெட்டியோடு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அவர் கதவைத் தட்டும் வீடு பெரும்பாலும் கிறிஸ்தவ வீடாக இருக்காது. தம் சபையாருக்குத் தாமே உதவிக்கொள்ளும் ஏற்பாடாக மட்டும் இந்தப் பணியை எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இத்தனை சிறிய கூட்டம் இத்தனை பெரிய தேவைக்கு நடுவே நிற்கும்போது, எதைச் செய்வது, எதை விடுவது என்ற கேள்வியும் கூர்மையாகிவிடுகிறது.

இந்தப் பக்கத்துக்குக் கத்தோலிக்கம் வந்தது நேற்றல்ல. ராபர்ட் தெ நொபிலி 1623இல் சேலம், சேந்தமங்கலம் வழியாக வந்துபோனார். அந்த நூற்றாண்டின் நடுவில் மைசூர் மிஷனின் இயேசு சபைக் குருக்கள் காவிரிக்கு இந்தக் கரையிலும் நடமாடத் தொடங்கினார்கள். கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களின் நினைவு அந்தக் காலம்வரை போகிறது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின், பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள் 1776 முதல் இந்தப் பகுதியைக் கவனித்தார்கள். சேலம் மறைமாவட்டம் 1930இல் ஏற்பட்டபோது அதன் முதல் ஆயரான பிரூனியேவும் அந்தச் சபையைச் சேர்ந்தவரே.

தொண்டின் வரலாற்றை எழுதப் புகுந்தால், தேதிகளைவிடப் பஞ்சமே நல்ல தொடக்கம். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் வாயில் வழங்கிய 1876–78 பஞ்சம், தருமபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தை வாரிக்கொண்டு போனது. 1871இல் சுமார் 19.67 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. பிறந்திருக்க வேண்டியவர்களைச் சேர்க்காமலே, பத்து ஆண்டில் ஏறத்தாழ 3.67 லட்சம் பேர் குறைந்துபோனார்கள். இறந்தவர் பாதி, ஊரை விட்டு ஓடியவர் பாதி என்றே வைத்துக்கொண்டாலும் அந்த எண்ணுக்குமேல் நகர மனம் வருவதில்லை. அரசின் நிவாரண வேலைத்தளங்களில் கூலியைக் குறைத்த ரிச்சர்ட் டெம்பிளின் கணக்கு ஒரு பக்கம்; கஞ்சித்தொட்டிகள் இன்னொரு பக்கம். பஞ்சத்தில் அநாதையான குழந்தைகளை எல்லா மிஷன்களும் எடுத்து வளர்த்தன. தென்னிந்தியாவில் இன்று நாம் காணும் மிஷன் அநாதை இல்லங்கள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

அந்தப் பஞ்சம் இன்னொரு கேள்வியையும் விட்டுச் சென்றது. சோறு போட்டு மதம் மாற்றினார்களா? கேட்க வேண்டிய கேள்விதான், மழுப்பக் கூடாது. பஞ்ச ஆண்டுகளிலும் அவற்றை ஒட்டியும் சென்னை மாகாணத்தில் திருமுழுக்குப் பெற்றவர்களின் எண்ணிக்கை கூடியது உண்மை. அரிசிக்காக மாறியவர்கள் என்ற பழிச்சொல் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்வரை தொடர்ந்ததும் உண்மை. ஒங்கோலில் இருந்த ஜான் கிளோ என்ற பாப்டிஸ்ட் மிஷனரியின் நடத்தை இங்கே எண்ணிப் பார்க்கத் தக்கது. பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கொடுத்தவர், நிவாரணம் நடந்த காலம் முழுவதும் ஒருவருக்கும் திருமுழுக்குக் கொடுக்க மறுத்தார். பஞ்சம் தணிந்தபின் 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் வந்து திருமுழுக்குப் பெற்றார்கள். சோறு நின்ற பிறகும் வந்தவர்கள் வேறு எதையோ கண்டு வந்தார்கள். கூலி வாங்கும் இடத்தில் மனிதராக நடத்தப்பட்டதைக் கண்டிருப்பார்கள் என்பது என் ஊகம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் அது சோற்றைவிட அரிதாகக் கிடைத்தது.

*

சுதந்திரத்துக்குப் பிறகு உதவி கப்பலில் வந்தது. அமெரிக்காவின் உபரித் தானியத்தைப் பி.எல். 480 சட்டத்தின் கீழ் கத்தோலிக்க நிவாரண நிறுவனம் போன்றவை இந்தியாவெங்கும் பங்கிட்டன. அந்தத் தலைமுறைக்குப் பங்குச் சாமியார் என்றால் கோதுமையும் பால் பவுடரும் எண்ணெய் டின்னும் நினைவுக்கு வரும். பிறகு வேலைக்கு உணவு என்ற ஏற்பாடு வந்தது: கிணறு வெட்டினால், ரோடு போட்டால், ஏரிக்கரை உயர்த்தினால் கோதுமை. ரோமில் 1965இல் முடிந்த இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1967இல் வந்த ஆறாம் பவுலின் மக்கள் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலும் திருச்சபையின் பேச்சையே மாற்றின. தருமம் என்ற சொல் பின்னுக்குப் போய் வளர்ச்சி என்ற சொல் முன்னுக்கு வந்தது. தமிழ்நாட்டு மறைமாவட்டங்கள் ஒவ்வொன்றாகப் பல்நோக்குச் சமூக சேவைச் சங்கங்களைப் பதிவு செய்துகொண்டன. பங்குத்தந்தையின் கையில் இருந்த உதவி, கணக்கர், திட்ட அலுவலர், களப்பணியாளர் என்று ஓர் அலுவலகத்துக்கு இடம் மாறியது.

இங்கே சற்று நின்று தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். தருமபுரியில் நல்லெண்ணம் எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைத் தண்ணீரைப்போல வேறெதுவும் காட்டாது.

வறண்ட நாட்டில் தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய தருமம் இல்லை என்பது நம் பழைய நம்பிக்கை. 1960களின் வறட்சிக்குப் பின் அரசும் யுனிசெப்பும் தொண்டு நிறுவனங்களும் பாறை துளைக்கும் இயந்திரங்களோடு கிராமங்களுக்குள் போனார்கள். அதில் கிறிஸ்தவ மிஷன்களின் பங்கு சிறிதல்ல. இன்று இந்தியா மார்க் 2 என்று உலகமெங்கும் அறியப்படும் அடிபம்புக்கு முன்னோடிகள், மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் சார்ந்த பட்டறைகளில் உருவானவை. திறந்த கிணற்றில் காலராவும் நரம்புச்சிலந்தியும் பரவிக்கொண்டிருந்த காலத்தில், ஆழத்திலிருந்து வந்த தெளிந்த நீர் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது.

ஆனால் தருமபுரியின் அடியில் இருப்பது கருங்கல்லும் நைஸ் பாறையும். அந்தப் பாறைத் தாதுக்களில் புளோரைடு இருக்கிறது. மேலோட்டமான கிணற்று நீர் மழைக்கு மழை புதுப்பிக்கப்படும். ஆழத்துப் பாறை இடுக்கில் தேங்கிய நீரோ நெடுங்காலம் பாறையோடு ஊறிக் கிடந்து புளோரைடைக் கரைத்துக்கொள்ளும். நிலத்தடி நீர் மட்டம் இறங்க இறங்க ஆழ்துளைக் கிணறு இன்னும் ஆழமாகப் போனது. போகப் போகப் பல இடங்களில் புளோரைடும் கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இருக்கலாம். வேறு நீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி வட்டாரங்களில் அந்த அளவைத் தாண்டிய நீரைத் தலைமுறையாகக் குடித்தவர்கள் இருக்கிறார்கள்.

அதன் அடையாளத்தை முதலில் பிள்ளைகளின் பல்லில் காணலாம். நிலைத்த பற்கள் உருவாகும் எட்டு வயதுக்குள் குடித்த நீர், சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்புக் கோடாகவோ பல்லில் பதிந்துவிடும். பிறகு எந்த நீரைக் குடித்தாலும் அது போகாது. வயதானவர்களுக்கு முதுகெலும்பு இறுகி, மூட்டு வலியெடுத்து, நிமிர முடியாமல் போகும். கல்யாணப் பேச்சில் பல்லைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடும் நிலை வந்தபோதுதான், அடிபம்பு என்ற கொடைக்குள் இன்னொன்றும் இருந்தது ஊருக்குத் தெரிந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு கிணறு தோண்டவில்லை. தோண்டிய நீரைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் அன்று பரவலாக இல்லை. இருந்த இடங்களிலும் கிருமியைத்தான் தேடினார்கள். பாறையை யாரும் கேட்கவில்லை. கொடுத்த நாளன்று எடுத்த படத்தில் தண்ணீர் பீறிட்டது. இருபது ஆண்டு கழித்து அதே பம்படிக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

தீர்வு கடைசியில் தொண்டு நிறுவனங்களின் கைக்கு எட்டாத அளவில் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடி மதிப்பில் திட்டமிடப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே 29ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முழுப்பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. காவிரி நீரை ஒகேனக்கல்லில் எடுத்து, யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மடத்தில் இருக்கும் பெரிய நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 6,700க்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அனுப்புவது திட்டம். எந்த மறைமாவட்டத்தாலும் எந்தச் சங்கத்தாலும் செய்ய முடியாத வேலை இது. அரசுதான் செய்ய முடியும்.

அப்படியானால் தொண்டுக்கு என்ன மிச்சம்? நிறைய மிச்சம் இருக்கிறது. குழாயில் நீர் வராத நாளில் ஊர் பழைய அடிபம்புக்கே திரும்பிப் போகிறது. எந்தப் பம்பில் நீர் பிடிக்கலாம், எதில் கூடாது என்று ஒவ்வோர் ஊரிலும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். சத்துணவும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பில் புளோரைடின் கேடு அதிகம் என்பதால், கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் முருங்கைக்கீரை, ராகி, பால், நெல்லிக்காய் போய்ச் சேர வேண்டும். முதுகு வளைந்த பெரியவரை மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகத் தருமபுரிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். பத்து லட்சம் ரூபாய்த் திட்ட அறிக்கையில் எழுதுவதற்கு இவற்றில் எதுவும் அழகாக இருக்காது. மாதத்தில் நாலு நாள் அந்த ஊருக்குப் போகிற மனிதர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் இவை.

*

தருமபுரி தமிழ்நாட்டுக்குக் கொடுத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழு என்று இன்று மாநிலமெங்கும் இருப்பது தொடங்கியது இங்கே. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அதை ஆரம்பித்தது. மற்ற மாவட்டங்களுக்குப் பரவி, 1997க்குப் பின் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் விரிந்தது. தொண்டு நிறுவனங்கள் அதில் அரசின் கூட்டாளிகள்: பெண்களைக் கூட்டுவதும், கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதும், வங்கி மேலாளர் முன்னால் அவர்களை உட்கார வைப்பதும் அவற்றின் வேலையாயின. வாரம் பத்து ரூபாய் சேர்க்கத் தெரிந்த பெண்ணை அடுத்த தடவை வரிசையில் நிற்க வைத்துச் சேலை கொடுக்க யாருக்கும் கை வராது. மறைமாவட்டச் சமூக சேவையின் போக்கையே மாற்றியது அந்தச் சிறு சேமிப்பு என்று சொல்வேன். இன்று அதே கிராமங்களில் குழு என்றால் தனியார் நிதி நிறுவனத்தின் வாரத் தவணையும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கடனிலிருந்து பெண்களை மீட்பது அடுத்த தலைமுறைத் தொண்டின் முதல் வேலையாக இருக்கும்.

பெண்சிசுக் கொலை இந்த மாவட்டத்தின் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்தது. சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. அதற்குமுன், 1990களின் பிற்பகுதியில், டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்த் தெருவில் நாடகம் போட்டன. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் நடித்த அந்தக் கலைப்பயணம், மிரட்டலும் கைதும் சாதிக்காததைச் சாதித்தது என்று அதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2011இல் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள்; மாநிலத்தில் 943. இடைவெளி மூடவில்லை. 2022இல்கூட இந்த மாவட்டத்தில் சட்டவிரோதமாக ஸ்கேன் செய்து பாலினம் சொன்ன கும்பல் பிடிபட்டது. உயிரின் மாண்பைப் பற்றித் திருச்சபைக்கு உறுதியான போதனை உண்டு. ஆனால் வரதட்சணைக் கடனில் மூழ்கும் குடும்பத்துக்கு முன்னால் அந்தப் போதனையோடு மட்டும் நிற்க முடியாது. பெண்பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டிப் படிக்க வைக்கும் விடுதியிலும், பதினேழு வயதில் கல்யாணம் பேசும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசும் சகோதரியிடமும்தான் அந்தப் போதனைக்கு உடம்பு கிடைக்கிறது.

திருக்குறளில் ஈகை என்ற அதிகாரத்துக்கு முன் ஒப்புரவறிதல் வருகிறது. ஈகை, இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒத்து வாழத் தெரிந்து, தன்னிடம் இருப்பது எல்லாருக்குமானது என்று நடப்பது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்தப் பழைய சொல்லையே பாவசங்கீர்த்தனத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள்: ஒப்புரவு அருட்சாதனம். செய்த தவற்றைச் சொல்லி, உறவைச் சரிசெய்துகொள்வது. இந்தச் சொல் இரண்டு பக்கமும் பேசுவது தற்செயலாக இருக்கலாம். தருமபுரிக்கு அது மிகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களில் பாதிக்கு மேல் தலித் மக்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகைகளை மறுக்கிறது. கோயிலுக்குள்ளும் சாதி அவர்களை விட்டுவைக்கவில்லை. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. வெளியே நலிந்தோருக்குக் கொடுப்பதும் உள்ளே சாதியைப் பிரிக்கும் கல்லறைச் சுவரை இடிப்பதும் ஒரே பணியின் இரண்டு பாதிகள். முதல் பாதிக்கு மட்டும் ஆண்டறிக்கை போடுவது எனக்கு நிறைவு தருவதில்லை.

*

பணத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரை நூற்றாண்டாக மறைமாவட்டச் சங்கங்களின் பெரும் வேலைகள் ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி போன்ற நாடுகளின் கத்தோலிக்கர்கள் போட்ட காணிக்கையில் நடந்தன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. அதன்பின், அப்படி வந்த பணத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. பணம் டெல்லியில் உள்ள ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் வந்து விழ வேண்டும். காரித்தாஸ் போன்ற தேசிய அமைப்பு வாங்கி, தருமபுரி போன்ற மாவட்ட அமைப்புகளுக்குப் பங்கிடும் பழைய வழி அடைபட்டது. களப்பணியாளரின் சம்பளம் நிர்வாகச் செலவில் போய் உட்காரும்போது முதலில் வெட்டுப்படுவது மாதம் நாலு நாள் ஊருக்குப் போன அந்த மனிதர்தான். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். அந்தப் பணம் தொழிற்சாலை நெருங்கிய ஓசூருக்கு எளிதில் போய்ச் சேரும், சித்தேரி மலைக்கு ஏறுவது கடினம்.

ஆகையால் தவக்கால உண்டியலின் சில்லறைக்கு முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது. அது உள்ளூர்ப் பணம். புளி தட்டிய கூலியிலிருந்தும் விழுந்த பணம்.

2020இல் அந்த உண்டியலே திரும்பி வரவில்லை. சாம்பல் புதன் பிப்ரவரி 26. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. மார்ச் 24 இரவில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கோயில்கள் பூட்டப்பட்டன, பெங்களூரில் வேலை நின்றுபோனவர்கள் ஓசூர் எல்லையை நோக்கி மூட்டையோடு நடந்தார்கள். கொடுக்கும் காலமும் இல்லாமையின் காலமும் அதுவரை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு ஒன்று மற்றதை விழுங்கிவிட்டது. அப்படிப்பட்ட நாளில் உண்டியல் பணத்தைவிட, எந்தத் தெருவில் எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்ற தகவலுக்கே விலை அதிகம். பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து வாராவாரம் கூடும் அன்பியங்கள் அதைத்தான் தெரிந்துவைத்திருக்கின்றன.

2024 டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் உள்நாட்டில் நின்று கொட்டியது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை, தருமபுரி மாவட்டத்தின் அரூரும் மூழ்கியது. ஊத்தங்கரையில் ஓர் ஆண்டின் மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் விழுந்தது. வறட்சிக்காக வடிவமைத்த பணி, வெள்ளத்துக்கும் அதே கைகளை நீட்ட வேண்டியிருந்தது. இனி இந்த மாவட்டத்தில் எந்த மாதத்துக்கு எந்தத் துன்பம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிலையான நாள்காட்டியை நம்பித் திட்டமிடும் எல்லாத் தொண்டுக்கும் இது பொருந்தும்.

*

பிரெடெரிக் ஓசனாம் என்ற கல்லூரி மாணவர் 1833இல் பாரிசில் நண்பர்கள் சிலரோடு தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, 1863இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டின் பல பங்குகளில் கிளை விட்டிருக்கிறது. அலுவலகமோ வெளிநாட்டுக் கணக்கோ அதற்குப் பெரிதாகக் கிடையாது. கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்களே இரகசியமாகக் காணிக்கை போடுவார்கள். ஏழையை வரவழைக்காமல், இருவர் இருவராக ஏழையின் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அதன் பழைய விதி. தத்தெடுத்த குடும்பங்களின் பெயர்கள் ஒரு நோட்டில் இருக்கும்: விதவை, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவர், மனநிலை பிறழ்ந்த மகனோடு தனியாக இருக்கும் தாய்.

தருமபுரியின் பிறரன்புப் பணிக்கு ஆண்டறிக்கை எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த நோட்டில் அவ்வப்போது பெயர்கள் அடிக்கப்படும். அடிக்கப்பட்ட பெயர்களுக்கு அறிக்கையில் தனியாக ஒரு பத்தி கொடுங்கள். பெரியவர் இறந்திருக்கலாம். மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்து, இனி அரிசி வேண்டாம் என்று தாயே சொல்லியிருக்கலாம். அல்லது மார்ச் மாதத்தில் ஒருநாள் வீடு பூட்டிக் கிடந்திருக்கலாம். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போயிருப்பார்கள். மூன்றும் அறிக்கையில் "பயனாளிகள் குறைந்தனர்" என்ற ஒரே வரியாக வந்துவிடுகின்றன. முதல் இரண்டையும் எழுத நோட்டுப் போதும். மூன்றாவதை எழுத வேண்டுமானால், பூட்டைக் கண்டு திரும்பிவிடாமல், எந்தச் சூளை, எவ்வளவு முன்பணம், பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றுபோனார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வர வேண்டும்.